எட்டு பாரைத் தாண்ட எந்த மென்பொருள்?

வீட்டில் கம்ப்யூட்டரை வைத்து இசை செய்கிற பலரிடம் ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே முப்பது, நாற்பது ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் எட்டு பார் இசை (நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று ஒரு பார்). கிக் டிரம் விழும், பேஸ் நகரும், மேலே மின்னணு ஒலிக்கருவியான சிந்தில் அழகான ஒரு வரி ஓடும். டெம்போ 96, அதாவது நிமிடத்துக்கு 96 அடி, என்றால் எட்டு பார் சரியாக இருபது நொடி. அந்த இருபது நொடி சுற்றிச் சுற்றி வரும், கேட்கவும் நன்றாக இருக்கும். பாட்டாக மட்டும் மாறாது. என் லேப்டாப்பிலும் அப்படி ஒரு ஃபோல்டர் மூன்று வருடமாக வளர்ந்துகொண்டிருந்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று கேட்டால், பதில் சொல்பவர் பெரும்பாலும் தான் பழகியதைச் சொல்வார். அதில் தவறில்லை, ஆனால் கேட்டவருக்கு அது உதவாமல் போகலாம். அதனால் நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். தோடி ராகத்தில் ஒரு சின்ன மெட்டு, அடியில் எலக்ட்ரானிக் தாளம், நடுவில் அக்கா மகள் பாடும் நான்கு வரி. இந்த ஒரே துண்டை எஃப்எல் ஸ்டூடியோ, ஏபில்டன் லைவ், ரீப்பர், எல்எம்எம்எஸ் ஆகிய நான்கிலும் ஆரம்பத்திலிருந்து செய்தேன். எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப், ஒயர் ஹெட்ஃபோன், இருபத்தைந்து கட்டை உள்ள மிடி கீபோர்டு (எந்தச் சுரத்தை அமுக்கினோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது), ஒரு மைக், அதைச் செருக ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ். நேரம், அலுவலகம் முடிந்து சாப்பிட்ட பிறகு இரவு ஒன்பதரைக்கு மேல்.

இரண்டாவது மென்பொருளுக்குப் போனபோதே ஒன்று புரிந்துவிட்டது. இசையை அமைப்பது ஒரு வேலை, அதைத் தொகுப்பது வேறொரு வேலை. அமைக்கும்போது கை வேகமாக ஓட வேண்டும். மனதில் வந்த தாளம் மறைவதற்குள் அது ஒலியாகிவிட வேண்டும். தொகுக்கும்போது பொறுமை வேண்டும். எதை வெட்டுவது, எதை நீட்டுவது, எந்த மூச்சை விடுவது, எந்த இடத்தில் மௌனம் என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லா மென்பொருளும் இரண்டையும் செய்யும்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நீங்கள் எந்த வேலையில் சிக்கிக்கொள்கிறீர்கள் என்பது தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

தாளத்திலிருந்து தொடங்குபவருக்கு

எஃப்எல் ஸ்டூடியோவைத் திறந்ததும் கண்ணில் படுவது சேனல் ரேக்கின் பதினாறு கட்டங்கள். கிக் வேண்டிய கட்டத்தைத் தட்டு, ஸ்னேர் வேண்டிய கட்டத்தைத் தட்டு, ஸ்பேஸ் பாரை அமுக்கு. ஐந்து நிமிடத்தில் தாளம் ஓடுகிறது. பெல்ஜியத்து இமேஜ்-லைன் நிறுவனம் 1990களின் கடைசியில் இதை ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வெளியிட்டபோது இது ஒரு டிரம் மெஷின் போலத்தான் இருந்தது. இன்று எவ்வளவோ வளர்ந்த பிறகும் அந்தப் பிறவிக்குணம் போகவில்லை, போகவும் வேண்டாம். மனதில் முதலில் தாளம் வருகிற ஆள் என்றால் இதைவிட வேகமான இடத்தை நான் பார்க்கவில்லை.

இதன் பியானோ ரோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுரங்களை வரைவது, இழுப்பது, நகலெடுப்பது எல்லாம் பென்சிலால் நோட்டில் எழுதுவது போல இருக்கிறது. மற்ற கருவிகளின் சுரங்கள் பின்னால் மங்கலாகத் தெரிவதால் பேஸும் மெட்டும் எங்கே மோதுகின்றன என்று பார்த்தே எழுதலாம். ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம் என்பது இன்னொரு பெரிய பலம். பத்து வருடம் கழித்தும் புதிய பதிப்புக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

இலவச டிரையலில் எல்லா வசதியும் வேலை செய்யும். செய்த இசையை எம்பி3யாக எடுக்கவும் முடியும். ஆனால் சேமித்த புராஜெக்டை, லைசென்ஸ் வாங்கும் வரை மறுபடி திறக்க முடியாது. அதாவது டிரையலில் ஒரு துண்டை ஒரே அமர்வில் முடித்தாக வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு இது சிரமம். பதிப்புகளும் பல இருக்கின்றன. பாடிப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், நீங்கள் வாங்கும் பதிப்பில் ஆடியோ ரெக்கார்டிங் உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எட்டு பார் நோய்க்கு இது மருந்தா? என் அனுபவத்தில் இல்லை. பேட்டர்ன் பேட்டர்னாக யோசிக்கவைக்கும் அமைப்பு என்பதால் லூப்பைச் செய்வது எளிது, அதை விட்டு வெளியே வருவது கடினம்.

தோடியின் காந்தாரம்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் காதுக்கு இசை செய்கிற யாரும் இந்த இடத்தில் வந்து முட்டியே தீர்வார்கள்.

பியானோ ரோலில் ஒரு சுரம் என்பது ஒரு நேர்க்கோடு. தோடியின் காந்தாரமோ நிற்கிற சுரம் இல்லை. கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்தியமத்துக்கும் இடையில் ஆடுகிற சுரம். முதல் இரவு நான் சுரங்களைச் சரியான இடத்தில் வரைந்துவிட்டு அக்கா மகளைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். அவள் பாட்டு கற்றுக்கொள்கிறாள். "மாமா, காந்தாரம் நிக்குது. ஆடவே இல்லை" என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி.

மிடியில் இதற்கான வழி பிட்ச் பெண்ட், அதாவது ஒலிக்கும் சுரத்தை மேலும் கீழும் வளைப்பது. பெரும்பாலான சிந்த்களில் அதன் வீச்சு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்றுதான் முதலில் வைக்கப்பட்டிருக்கும். சட்ஜத்தை சி என்று வைத்தால் சாதாரண காந்தாரம் ஈ ஃபிளாட். அதிலிருந்து இரண்டு அரைச்சுரம் கீழே போனால் சுத்த ரிஷபம், இரண்டு மேலே போனால் சுத்த மத்தியமம். அதாவது வழக்கமான வீச்சே தோடியின் காந்தாரத்துக்கு அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் மேலும் கீழும் சம வேகத்தில் அலை வரைந்தால் சைரன் போலத்தான் கேட்கும். பாடுகிறவரின் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, அப்படிச் சமமாக ஆடுவதில்லை. ஒரு முனையில் சற்றுத் தங்கும், அங்கிருந்து சட்டென்று விலகும், அடுத்த ஆட்டம் முந்தையதைவிடக் கொஞ்சம் குறையும். அவள் பாடியதைப் பதிவு செய்து, மெதுவாக ஓட்டிக் கேட்டு, வளைவுகளைக் கையால் வரைந்தேன். ஒரே ஒரு காந்தாரத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. பிறகு அதை நகலெடுத்து, ஒவ்வொரு இடத்திலும் சற்று மாற்றினேன்.

இந்த வேலைக்கு நான்கும் எப்படி? எஃப்எல்லில் ஸ்லைடு நோட் என்று ஒன்று உண்டு. ஒரு சுரத்தின்மேல் இன்னொரு சுரத்தை ஸ்லைடாக வைத்தால் முதல் சுரம் அதை நோக்கி வழுக்கிப் போகும். ஜாருவுக்கு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் கமகம்) அற்புதமாக இருக்கிறது, வரைவதும் எளிது. ஆனால் எஃப்எல்லின் சொந்தக் கருவிகளில்தான் வேலை செய்யும். வெளியிலிருந்து சேர்க்கும் விஎஸ்டி பிளகின்களில் செய்யாது. ஏபில்டன் லைவ் 2021இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து எம்பிஇ வசதியைத் தருகிறது. சாதாரண மிடியில் பிட்ச் பெண்ட் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்து வளைக்கும். எம்பிஇயில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்கலாம். அடியில் சட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்க, மேலே காந்தாரம் மட்டும் ஆட வேண்டும் என்றால் இதன் அருமை தெரியும். ரீப்பரில் பிட்ச் பெண்டை நுணுக்கமாக வரையலாம், புள்ளிகளுக்கு நடுவே வளைவின் வடிவத்தையும் மாற்றலாம். மெட்டுக்கு ஒரு டிராக், சுருதிக்கு வேறு டிராக் என்று பிரித்துக்கொண்டால் எம்பிஇ இல்லாமலே வேலை முடிந்துவிடும். எல்எம்எம்எஸ்ஸிலும் ஆட்டோமேஷன் (ஒரு அமைப்பு நேரத்தோடு மாறும்படி கோடு வரைவது) மூலம் வளைக்கலாம், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

விளையாடிப் பார்ப்பவருக்கு

ஏபில்டன் லைவ் பெர்லினில் பிறந்தது. மேடையில் எலக்ட்ரானிக் இசை வாசித்தவர்கள் தங்கள் தேவைக்காக உருவாக்கி 2001இல் வெளியிட்டார்கள், அது இன்றும் தெரிகிறது. இதன் செஷன் வியூவில் நேரக்கோடே கிடையாது. கட்டங்களில் லூப்கள் உட்கார்ந்திருக்கும். எதைத் தட்டினாலும் அடுத்த பார் தொடங்கும்போது தாளம் தவறாமல் சேர்ந்துகொள்ளும். இதையும் அதையும் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்கலாம்.

லூப்களின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் ஏழு அட்சரத்தில் (ஏழு தாள அடியில்) ஒரு பெர்கஷன் லூப்பையும் எட்டு அட்சரத்தில் ஒரு பேஸ் லூப்பையும் ஓடவிட்டேன். இரண்டும் விலகி விலகிப் போய் 56ஆவது அட்சரம் முடிந்ததும் ஒன்றாக வந்து விழுந்தன. கணக்கு தெரிந்த மிருதங்கக்காரருக்கு இது புதிதில்லை. ஆனால் அதை யோசிக்காமல், சும்மா இரண்டு கட்டத்தைத் தட்டிக் கேட்க முடிவது பெரிய சந்தோஷம்.

எட்டு பாரிலிருந்து வெளியே வரவும் இது ஒரு வழி வைத்திருக்கிறது. ரெக்கார்டை அமுக்கிவிட்டு லூப்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால், நீங்கள் வாசித்த வரிசை அப்படியே நேரக்கோட்டில் பதிவாகிவிடும். மூன்று நிமிடம் வாசித்தால் மூன்று நிமிடத்துக்கு ஒரு கரடுவடிவம் கையில் இருக்கும். என் துண்டு முதன்முதலில் முழு நீளம் கண்டது இங்கேதான்.

விலைதான் யோசிக்கவைக்கும். எல்லாம் அடங்கிய சூட் பதிப்பின் பட்டியல் விலை 749 டாலர். பொழுதுபோக்காக இசை செய்யும் ஒருவருக்கு அது தேவையில்லை என்றே சொல்வேன். இன்ட்ரோ பதிப்பில் பதினாறு டிராக் வரை கிடைக்கும். நான்கு நிமிடப் பாட்டுக்கு அது தாராளம். இன்னொன்று, பல மிடி கீபோர்டுகளோடும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களோடும் லைவ் லைட் என்ற சிறிய பதிப்பு இலவசமாக வரும். பெட்டிக்குள் வரும் அட்டையைத் தூக்கிப் போடாமல் பாருங்கள். லைட்டில் டிராக் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் செஷன் வியூ உங்களுக்கு ஒத்துவருமா என்று அறிய அது போதும்.

தொகுப்பவருக்கு

ரீப்பரைத் திறந்தால் வெறும் சாம்பல் நிறத் திரை. சாம்பிள் இல்லை, அழகான சிந்த் இல்லை, தட்டிப் பார்க்க எதுவும் இல்லை. வின்ஆம்ப் என்ற மியூசிக் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் காக்கோஸ் நிறுவனம் செய்வது இது. முதல் நாள் மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள்.

அக்கா மகளின் நான்கு வரிகளை ஜூன் மாத இரவு ஒன்றில் பதிவு செய்தோம். மின்விசிறி ஓடினால் மைக்கில் அதன் இரைச்சல் விழும். நிறுத்தினால் பாடுகிறவளுக்கு வியர்த்துக் கொட்டும். அதனால் இரண்டு நிமிடம் நிறுத்துவது, பாடுவது, மறுபடி ஓடவிடுவது என்று ஆறு டேக் எடுத்தோம். ஆறும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி நின்றன. 2023இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து, எந்த டேக்கில் எந்தப் பகுதி வேண்டுமோ அதன்மேல் மவுஸை இழுத்தால் போதும், மேலே ஒரே வரியாகச் சேர்ந்துகொள்ளும். முதல் வரி இரண்டாவது டேக்கிலிருந்து, மூன்றாவது வரியின் கடைசி இழுப்பு மட்டும் ஐந்தாவது டேக்கிலிருந்து. ஒட்டிய இடங்களில் அதுவே, ஒன்று மங்க மற்றொன்று எழும் குறுகிய கிராஸ்ஃபேடு போட்டுக்கொள்கிறது.

அப்புறம் மூச்சு. வரிகளுக்கு நடுவே அவள் மூச்சு இழுப்பது ஹெட்ஃபோனில் பெரிதாகக் கேட்டது. முதலில் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். கேட்டால் குரல் செத்துவிட்டது. யாரோ எழுதிவைத்ததை இயந்திரம் படிப்பது போல ஆகிவிட்டது. எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து, ஒவ்வொரு மூச்சின் இரு பக்கமும் 'எஸ்' விசையால் வெட்டி, அந்தத் துண்டின் ஒலியை மட்டும் ஆறு டெசிபல் குறைத்தேன். மூன்றாவது வரிக்கு முந்தைய மூச்சை மட்டும் தொடவில்லை. அங்கே அவள் உயரப் போகப் போகிறாள் என்று அந்த மூச்சே சொல்கிறது. வெட்டுவது, நகர்த்துவது, குறைப்பது எல்லாம் ரீப்பரில் விரல்நுனியில் இருந்ததால்தான் இத்தனை தடவை மாற்றிப் பார்க்கும் பொறுமை எனக்கு வந்தது.

அறுபது நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். அதன் பிறகும் திறக்கும், ஆனால் வாங்குவதுதான் முறை. தனிநபருக்கான தள்ளுபடி லைசென்ஸ் 60 டாலர், இன்றைய மதிப்பில் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய லேப்டாப்பிலும் திணறாது. இதில் இல்லாத ஒலிகளை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, பழைய யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் குணத்தைத் தரும் டெக்செட் ஆகிய மூன்று சிந்த்களை வைத்தே பல வருடம் ஓட்டலாம். என் தோடி மெட்டு சர்ஜில்தான் ஒலிக்கிறது.

பணம் செலவழிக்காமல்

எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம், திறமூல மென்பொருள். கட்டங்களும் பியானோ ரோலும் எஃப்எல்லை நினைவூட்டும். கல்லூரி மாணவர், பழைய கம்ப்யூட்டர், லினக்ஸ் என்றால் தயங்காமல் இதில் தொடங்கலாம். பெரிய குறை, 1.2 நிலைப்பதிப்பில் மைக்கிலிருந்து நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. பாட்டை வேறெங்காவது பதிவு செய்து ஃபைலாகக் கொண்டுவர வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் உள்ளே வந்த குரலை நுணுக்கமாகத் தொகுக்க இது இடமில்லை.

வீட்டில் மேக் அல்லது ஐபேட் இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவையில்லை. கேரேஜ்பேண்ட் இலவசம், ஒலிகள் நன்றாக இருக்கும். மேக்கில் வளர்ந்த பிறகு லாஜிக் புரோவுக்குப் போனால் பழைய புராஜெக்ட்கள் அப்படியே திறக்கும். கையில் போன் மட்டும்தான் என்றால் பேண்ட்லேப் என்ற ஆப் போதும். அடாசிட்டியைப் பலர் பரிந்துரைப்பார்கள். பதிவு செய்யவும் வெட்டி ஒட்டவும் அது நல்ல கருவி, ஆனால் சுரங்களை எழுதி இசையமைக்க அதை நம்பாதீர்கள்.

கிராக் செய்த பதிப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் நண்பர் ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து தரத்தான் செய்வார். அதில் வைரஸ் வரலாம் என்பது ஒரு பக்கம். ஒரு மென்பொருளை உட்கார்ந்து எழுதுபவரும் நம்மைப் போல ஒலியை நேசிப்பவர்தான். இலவசமாகவும் குறைந்த விலையிலும் இவ்வளவு நல்ல கருவிகள் இருக்கும்போது அந்த வழிக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

எதை வாங்கினாலும்

மூன்று விஷயம் எல்லா மென்பொருளுக்கும் பொது. ஒன்று, ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். கட்டையை அமுக்கியதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் நடுவே நூறு மில்லி செகண்டுக்கு மேல் இடைவெளி வரும், தாளம் பிடிக்க முடியாது. இரண்டு, விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள். பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைக்கும் அடுக்கு, 512 சாம்பிள் என்றால் 44,100 ஹெர்ட்ஸில் அந்த அடுக்கில் மட்டும் சுமார் 11.6 மில்லி செகண்ட் தாமதம். 128 என்றால் 2.9. வாசிக்கும்போது குறைத்துக்கொண்டு, மிக்ஸ் செய்யும்போது கூட்டிக்கொள்ளலாம். மூன்று, ஆட்டோசேவ். லேப்டாப் வாங்குவதற்கு முன் டெஸ்க்டாப்பில் வேலை செய்த காலத்தில், கரண்ட் போய் இரண்டு மணி நேர வேலை ஒரே நொடியில் அழிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படி அன்றே வைத்தேன்.

ஒரு மென்பொருளின் புராஜெக்ட் ஃபைல் இன்னொன்றில் திறக்காது என்பதால் பலர் முதல் தேர்வை ஆயுள் முடிவு போல நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக, எல்லாவற்றையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, 24 பிட்டில் எடுத்துவிட்டால் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். டெம்போவை மட்டும் ஃபைல் பெயரிலேயே எழுதிவையுங்கள்.

சரி, யாருக்கு எது? தாளமும் சாம்பிளும்தான் உங்கள் உயிர், பாடுவதில்லை என்றால் எஃப்எல். லூப்கள் குவிந்து கிடக்கின்றன, அவை பாட்டாகவில்லை என்றால் லைவ் லைட் அல்லது இன்ட்ரோ. நீங்களோ வீட்டில் ஒருவரோ பாடுகிறீர்கள், வீணையோ கிட்டாரோ வாசிக்கிறீர்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம், ரீப்பர். இதுவரை ஒன்றுமே செய்து பார்த்ததில்லை, பிடிக்குமா என்றே தெரியவில்லை என்றால் எல்எம்எம்எஸ்ஸில் இரண்டு மாதம். ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்று என்னிடம் கேட்டால் நான் ரீப்பரைத்தான் சொல்வேன். அமைக்கும்போது அது தரும் சிரமத்தை இரண்டு வாரத்தில் கடந்துவிடலாம்; தொகுக்கும்போது அது தரும் சுதந்திரம் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். கீபோர்டோடு வந்த லைவ் லைட்டில் லூப்களைத் தட்டி ஒரு வடிவம் பிடிக்கிறேன், வேவ் ஃபைல்களாக எடுக்கிறேன், ரீப்பரில் கொண்டுவந்து குரலோடு சேர்த்துத் தொகுக்கிறேன். தோடித் துண்டு 64 பார் ஆகியிருக்கிறது, இரண்டு நிமிடம் நாற்பது நொடி. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளிடம் போட்டுக் காட்டினேன். கடைசி வரியின் காந்தாரத்தில் இன்னும் கொஞ்சம் ஆட்டம் வேண்டும் என்கிறாள். இன்று இரவு அந்த வளைவை மறுபடி வரைய வேண்டும்.